தூக்கப் பாடம் எழுதுகிறவர்களுக்கு

மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆங்கில வாசிப்புப் பகுதிகளும் அவற்றுக்கான கேள்விகளும் எழுதித் தருகிற ஆசிரிய நண்பர்களுக்கு,



பருவத் தேர்வுக்குக் கேள்வித்தாள் தயாரிப்பவர்கள், தங்கள் வகுப்புக்கென்று பயிற்சித்தாள் எழுதிச் சொந்தக் காசில் ஜெராக்ஸ் எடுப்பவர்கள், ஞாயிறு இரவு வாட்ஸ்ஆப்பில் “ஃபோர்த் ஸ்டாண்டர்டுக்கு ஒரு பேசேஜ் இருந்தா அனுப்புங்க டீச்சர்” என்று கேட்பவர்கள், கேட்டவுடன் தேடி எடுத்து அனுப்பி வைப்பவர்கள், எல்லாரையும் சேர்த்தே எழுதுகிறேன். நானும் பல காலம் இதே வேலையைப் பார்த்தவள். இப்போது ஓய்வில் இருக்கிறேன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சாயங்காலம் நோட்டோடு வந்து திண்ணையில் உட்காருவதால் உங்கள் தாள்கள் இன்னும் என் கைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. அவற்றில் வருடம் தவறாமல் வருகிற ஒரு பகுதியைப் பற்றித்தான் இந்த மடல்.

உங்களுக்கும் அது தெரியும். ரவி நல்ல பையன். சில தாள்களில் அவன் பெயர் ராஜு, சிலவற்றில் அனு. இரவு எட்டு மணிக்குச் சாப்பிடுவான். பல் துலக்குவான். ஒரு டம்ளர் பால் குடிப்பான். அப்பா அம்மாவுக்கு ‘குட் நைட்’ சொல்லிவிட்டு ஒன்பது மணிக்குத் தன் அறைக்குப் போய்க் கட்டிலில் படுப்பான். காலையில் ஆறு மணிக்கு எழுந்து புத்துணர்ச்சியோடு பள்ளிக்குப் போவான். நாமும் ரவியைப் போலச் சீக்கிரம் தூங்க வேண்டும். அவ்வளவுதான் பகுதி. கீழே ஐந்து கேள்விகள். எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறான், என்ன குடிக்கிறான், எத்தனை மணிக்குப் படுக்கிறான், காலையில் ஏன் புத்துணர்ச்சியோடு இருக்கிறான், கடைசியாக, நீ எத்தனை மணிக்குத் தூங்குவாய். பல் துலக்கிவிட்டுப் பால் குடிக்கிறானே, அது சரியா என்று கேட்ட தாளை நான் பார்த்ததில்லை. அந்தப் பகுதியில் கேட்கத் தகுந்த கேள்வி அது ஒன்றுதான் என்பது என் எண்ணம்.

என் புகார் இரண்டு வரியில் அடங்கும். வகுப்பில் உள்ள அத்தனை பிள்ளைகளுக்கும் தினமும் நேரடி அனுபவம் இருக்கிற பொருள் தூக்கம். அதை எடுத்துக்கொண்டு, படிக்காமலே பதில் எழுதவும், நடக்காததை நடப்பதாக எழுதவும் பிள்ளைகளைப் பழக்கிக்கொண்டிருக்கிறோம்.

படிக்காமல் எப்படிப் பதில் எழுத முடியும் என்று கேட்பீர்கள். இதைப் பாருங்கள்: ‘தவிலி தினமும் குறுமத்தில் நெகுளும். நெகுளுவதற்கு முன் இரண்டு சிப்பரம் வடுக்கும். பிறகு ஓம்பலில் மிரியும்.’ தவிலி எங்கே நெகுளும்? நெகுளுவதற்கு முன் எத்தனை சிப்பரம் வடுக்கும்? பிறகு எங்கே மிரியும்? குறுமத்தில்; இரண்டு; ஓம்பலில். மூன்றுக்கு மூன்று வாங்கிவிட்டீர்கள். தவிலி என்பது பறவையா பாத்திரமா என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. எல்லாம் நானாகக் கட்டிவிட்ட சொற்கள்.

நாலாம் வகுப்புப் பிள்ளை ரவியைக் கையாள்வதும் இப்படித்தான். கேள்வியில் ‘கோ டு பெட்’ என்று இருக்கிறதா? பகுதியில் ‘பெட்’ எங்கே வருகிறது என்று விரலை ஓட்டுகிறது. வந்த இடத்தில் நிறுத்தி, முற்றுப்புள்ளி வரை அப்படியே எழுதிவிடுகிறது. அந்தப் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்ல மாட்டேன். நாம் கேட்கிற கேள்விக்கு எது குறுக்கு வழியோ அதைச் சாமர்த்தியமாகக் கண்டுபிடித்திருக்கிறது. குறுக்கு வழி எங்கே முட்டிக்கொள்கிறது என்பதும் அதே தாளில் தெரிந்துவிடும். ‘ஒய் டஸ் ரவி ஃபீல் ஃபிரெஷ் இன் த மார்னிங்?’ என்ற கேள்விக்கு, என் திண்ணைக்கு வருகிற ஒரு பையன் குண்டு குண்டான அழகான எழுத்தில், ‘ஹி கெட்ஸ் அப் அட் சிக்ஸ் இன் த மார்னிங்’ என்று எழுதியிருந்தான். ‘மார்னிங்’ இருந்த முதல் வரி அது. சிவப்பு மையில் அரை மதிப்பெண் விழுந்திருந்தது. எந்த அரைக்கு என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

ஈயடிச்சான் காப்பி என்று நாம் பிள்ளைகளைத்தான் திட்டுவோம். கேள்வி எழுதுகிறவரும் பகுதியில் உள்ள வாக்கியத்தை எடுத்து, முன்னால் ‘வாட்’, பின்னால் கேள்விக்குறி போட்டுத்தானே தாளை நிரப்புகிறார்?

இது நம் ஊரில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை. 1970களின் இறுதியில் டோலரஸ் டர்க்கின் என்ற அமெரிக்க ஆய்வாளர் தொடக்கப் பள்ளிகளுக்கு நேரில் போய் உட்கார்ந்து, நாலாம் வகுப்பு வாசிப்புப் பாடவேளைகளில் நேரம் எப்படிக் கழிகிறது என்று நிமிடக் கணக்காகக் குறித்தார். படித்ததைப் புரிந்துகொள்வது எப்படி என்று கற்றுக்கொடுக்கச் செலவான நேரம் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. ஆசிரியர்கள் சும்மா இருந்துவிடவில்லை. கேள்வி கேட்டார்கள், பதில் சரியா என்று பார்த்தார்கள், தாள் கொடுத்தார்கள், தாளை வாங்கினார்கள். புரிந்ததா என்று சோதித்துக்கொண்டே இருந்தார்கள். புரியவைக்கத்தான் நேரம் ஒதுக்கவில்லை. இதைப் படித்துவிட்டு நம் கால அட்டவணையைப் பார்த்தால் அந்த நாட்டுக்காரர்களை நொந்துகொள்ளத் தோன்றாது.

புரிதல் எங்கிருந்து வருகிறது? 1986-ல் காஃப், டன்மர் என்ற இருவர் இதற்கு ஒரு கணக்குப் போட்டார்கள். எழுத்தைக் கூட்டிப் படிக்கும் திறனும், அந்த மொழியைக் காதால் கேட்டால் புரிந்துகொள்ளும் திறனும் சேர்ந்ததுதான் வாசிப்புப் புரிதல். சேர்வது என்றால் கூட்டல் இல்லை, பெருக்கல். இரண்டில் ஒன்று பூஜ்யமாக இருந்தால் விடையும் பூஜ்யம். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்த பிறகு கூட்டிப் படிப்பதில் நாம் நிறைய உழைத்திருக்கிறோம். அரும்பு நிலையில் இருந்த பிள்ளை மொட்டு நிலைக்கு வந்தது, மொட்டில் இருந்தது மலருக்குப் போனது என்று பெருமையோடு பேசிக்கொள்கிறோம். பெருக்கலின் மறுபக்கத்தைக் கவனிக்கவும் ஆள் வேண்டும்.

1988-ல் ரெக்ட், லெஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் செய்த இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. அறுபத்து நாலு மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டத்தில் பாதி இன்னிங்ஸைப் பற்றிய ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். அவர்களில் நன்றாகப் படிக்கிறவர்களும் இருந்தார்கள், தடுமாறுகிறவர்களும் இருந்தார்கள். இரண்டு பக்கத்திலும் பேஸ்பால் தெரிந்தவர்கள் பாதி, தெரியாதவர்கள் பாதி. படித்ததை நினைவுகூர்ந்து சொல்வதில், வாசிப்பில் மட்டமானவன் என்று முத்திரை குத்தப்பட்டும் பேஸ்பால் தெரிந்தவன், ஆட்டம் தெரியாத கெட்டிக்காரனை முந்திவிட்டான். எதைப் பற்றிப் படிக்கிறோமோ அதைப் பற்றி முன்னமே கொஞ்சம் தெரிந்திருப்பது அத்தனை தூரம் கைகொடுக்கிறது.

நம் பிள்ளைகளுக்குத் தூக்கம்தான் பேஸ்பால். ஆங்கிலம் திக்கித் திணறி வருகிற பிள்ளைக்கும் தூக்கத்தைப் பற்றிச் சொல்ல ஆயிரம் விஷயம் உண்டு. நாம் எழுதுகிற பகுதியில் இருப்பதோ ரவியின் தூக்கம். தனி அறை, கட்டில், ‘குட் நைட்’ சொல்ல அருகிலேயே அப்பா அம்மா. என் தெருப் பிள்ளைகள் படுப்பது ஹாலில். நடுவில் டிவி. பாட்டியின் சீரியல் பத்தரைக்கு முடிகிற வரை விளக்கு அணையாது. பனியன் கம்பெனியில் ஓவர்டைம் முடிந்து அம்மா வருகிற வரை ஒரு பெண் படுக்கவே மாட்டாள். இன்னொருவனுக்கு அப்பா வாங்கி வரும் பரோட்டாப் பொட்டலத்தின் வாசனையில்தான் தூக்கம் கலையும். எழுந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி படுப்பான். சித்திரை வைகாசியில் கரண்ட் போனால் குடும்பத்தோடு மொட்டை மாடி. கோயில் திருவிழாவில் கூத்து நடந்தால் மேடைக்கு முன்னால் மணலிலேயே சுருண்டு கிடப்பார்கள். மார்கழியில் நாலரைக்கே ஒலிபெருக்கி எழுப்பிவிடும். இத்தனையும் தெரிந்த பிள்ளைகளிடம், ‘கட்டிலில் படுத்தான்’ என்பதைத் தவிர ஆங்கிலத்தில் படிக்க நம்மிடம் ஒன்றுமில்லையா?

இனி அந்த ஐந்தாவது கேள்விக்கு வருகிறேன். ‘வாட் டைம் டூ யூ கோ டு பெட்?’ கற்பனைக்கு இடம் தருகிற, பிள்ளையின் வாழ்க்கையோடு ஒட்டிய கேள்வி என்று நினைத்துத்தான் போடுகிறீர்கள். ஒரு வகுப்பு நோட்டுகளை அடுக்கி வைத்துப் பாருங்கள். ‘ஐ கோ டு பெட் அட் நைன் ஓ கிளாக்.’ முதல் நோட்டிலிருந்து கடைசி நோட்டு வரை இதேதான். பரோட்டாப் பையனும் ஒன்பது, ஓவர்டைம் அம்மாவின் மகளும் ஒன்பது. பகுதியில் நல்ல பையன் ஒன்பதுக்குத் தூங்கினான், ஆகவே டீச்சருக்குப் பிடித்த விடை ஒன்பது. பத்தே முக்கால் என்று உண்மையை எழுதினால் ‘கெட்ட பழக்கம்’ என்ற ஒரு பார்வை கிடைக்கும். எட்டு வயதில் அந்தப் பார்வையை யார் விலைகொடுத்து வாங்குவார்? அந்த வாக்கியத்தில் இலக்கணம் சரி, எழுத்து சரி, தகவல் பொய். நாமும் டிக் போட்டுவிட்டு, நம் வீட்டுப் பிள்ளையைப் பதினொரு மணிக்கு போனைப் பிடுங்கிப் படுக்க வைக்கிறோம்.

எத்தனை மணிக்குப் படுப்பது என்பது அந்த வயதில் பிள்ளையின் கையில் இல்லை. வீட்டில் எத்தனை அறை, அம்மாவின் ஷிஃப்ட் என்ன, டியூஷன் எத்தனைக்கு விடும், வேன் எத்தனைக்கு வரும் என்பவை சேர்ந்து முடிவு செய்கிற விஷயம் அது. பெற்றோர் கூட்டத்தில் பேச வேண்டியதைப் பிள்ளைக்கு அறிவுரையாகத் தேர்வுத் தாளில் எழுதுகிறோம்.

அப்படியென்றால் தூக்கத்தைப் பற்றிப் பாடமே வேண்டாமா? நிச்சயம் வேண்டும். ஆனால் அதில் உள்ளது சரியாக இருக்க வேண்டும். ‘ஒன்பது மணி’ என்பது எந்த மருத்துவரும் எழுதிக்கொடுத்த சீட்டு இல்லை. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-ல் வெளியிட்ட பரிந்துரை, ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது. மூன்று முதல் ஐந்து வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி. பதின்மூன்று முதல் பதினெட்டு வரை 8 முதல் 10. எத்தனை மணி நேரம் என்பதுதான் பேச்சு. படுக்கும் மணியை, எழுந்திருக்க வேண்டிய மணியிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஏழு மணி வேனுக்கு ஆறு மணிக்கே எழுகிற பிள்ளை குறைந்தபட்ச ஒன்பது மணி நேரம் தூங்க வேண்டுமென்றால் இரவு ஒன்பதுக்குத் தூங்கியாக வேண்டும். பக்கத்துத் தெரு அரசுப் பள்ளிக்கு நடந்து போய், அங்கேயே காலை உணவும் சாப்பிடுகிற பிள்ளை ஏழு மணிக்கு எழலாம். அதற்கு இரவு பத்து என்பது கடைசி எல்லை. இந்த இரண்டு பிள்ளைகளையும் பகுதியில் வைத்துவிட்டு, ‘யார் முன்னதாகப் படுக்க வேண்டும், ஏன்?’ என்று கேட்டுப் பாருங்கள். விடை எந்த வரியிலும் இருக்காது. படித்துக் கணக்குப் போட்டால்தான் வரும். கணக்கு டீச்சரும் சந்தோஷப்படுவார்.

ஒரு மணி நேரம் கூடக் குறைய இருந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. இஸ்ரேலில் ஆவி சாதே என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் நாலாம் வகுப்பு, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எழுபத்தேழு பேரைச் சேர்த்து, மூன்று இரவுகளுக்குச் சிலரை ஒரு மணி நேரம் கூடுதலாகவும் சிலரை ஒரு மணி நேரம் குறைவாகவும் தூங்கச் சொன்னார்கள். சொன்னபடி முழுதாக ஒரு மணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிள்ளைகள்தானே. ஆனாலும் கவனம், நினைவு ஆகியவற்றைச் சோதித்தபோது இரண்டு கூட்டத்துக்கும் இடையே வித்தியாசம் தெரிந்தது. 2003-ல் வெளியான ஆய்வு இது. முதல் பாடவேளையில் கண் சொருகி உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு ‘காம்பிரிஹென்ஷன் வீக்’ என்று முன்னேற்ற அறிக்கையில் எழுதப் போகும்போது இது நினைவுக்கு வந்தால் நல்லது. அதற்கு வீக் வாசிப்பாக இல்லாமல் ராத்திரியாக இருக்கலாம்.

எத்தனை மணி என்பதைப் போலவே தினமும் ஏறத்தாழ ஒரே நேரம் என்பதும் முக்கியம். பிரிட்டனில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வின் தகவல்களை வைத்து, இவோன் கெல்லியின் குழு 2013-ல் எழுதியது: மூன்று வயதில் படுக்கும் நேரம் நாளுக்கொன்றாக இருந்த பிள்ளைகள், ஏழு வயதில் வாசிப்பிலும் கணக்கிலும் சற்றுக் குறைந்த மதிப்பெண் பெற்றிருந்தார்கள். ஒன்றால்தான் மற்றது வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது; ஒழுங்கில்லாத நேரத்துக்குப் பின்னால் வீட்டின் வேறு கஷ்டங்கள் இருக்கும். பெற்றோரிடம் பேசும்போது இந்தப் பின்பாதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் இருக்கும். மூன்றாவதாக வெளிச்சம். இருட்டினால் மூளையில் மெலட்டோனின் சுரக்கத் தொடங்கி உடம்பைத் தூக்கத்துக்குத் தயார் செய்கிறது. கண்ணுக்கு நேரே பிரகாசமான வெளிச்சம் இருந்தால் அது தடைபடும். பெரியவர்களைவிடச் சிறு பிள்ளைகளின் கண்ணுக்குள் வெளிச்சம் அதிகம் நுழைவதால் பாதிப்பும் அதிகம். போனை ஏன் முகத்துக்கு நேரே பிடிக்காதே என்கிறோம் என்பதற்கு இப்படி ஒரு காரணம் சொன்னால் பிள்ளை கேட்டுக்கொள்ளும். ‘பேட் ஹேபிட்’ என்றால் கேட்காது.

ரவியின் பகுதியில் அடிக்கடி வருகிற இன்னொரு வரி, தூங்கும்போது மூளை ஓய்வெடுக்கிறது என்பது. இது அப்படியே உண்மையில்லை. எப்படி உண்மையில்லை என்று உலகத்துக்குத் தெரிய வந்ததே, உங்கள் வகுப்புப் பிள்ளையின் வயதில் இருந்த ஒரு பையனால்தான்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசரின்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவர் இருந்தார். கையில் காசில்லாத காலம், வீட்டில் பிள்ளைகுட்டி. மூளையின் மின்னசைவையும் கண்ணின் அசைவையும் காகிதத்தில் கோடாக இழுக்கும் ஒரு பழைய இயந்திரத்தைத் தூசி தட்டி எடுத்து வைத்துக்கொண்டு, தன் மகன் ஆர்மண்டின் முகத்தில் கம்பிகளை ஒட்டிப் படுக்க வைத்தார். ஆர்மண்டுக்கு எட்டு வயது. பையன் தூங்கிவிட்டான். நேரம் போனது. திடீரென்று பேனாக்கள் இடமும் வலமுமாக வேகமாக ஆடத் தொடங்கின. விழித்துக்கொண்டான் போலிருக்கிறது, எதையோ பார்க்கிறான் என்று நினைத்து அப்பா அறைக்குள் போனார். ஆர்மண்ட் கண்ணை மூடி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். மூடிய இமைக்குள் விழிகள் ஓடிக்கொண்டிருந்தன. கனவு மிகுதியாக வரும் தூக்க நிலை அதுதான் என்பது பின்னால் தெளிவானது. அசரின்ஸ்கியும் அவருடைய பேராசிரியர் நதானியேல் கிளைட்மனும் 1953-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

இதை எளிய ஆங்கிலத்தில் பத்து வரியில் எழுதலாம். அப்பா ஏன் அறைக்குள் போனார்? போனபோது எதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்? ஆர்மண்ட் விழித்திருக்கவில்லை என்று எப்படித் தெரிந்தது? நீ ஆர்மண்டாக இருந்தால் முகத்தில் கம்பியோடு தூங்கியிருப்பாயா? அன்று ராத்திரி தம்பி தங்கையின் இமைகளை எத்தனை பிள்ளைகள் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். தூக்கம் கெடும்தான். ஒரு நாள் கெடட்டும்.

கிளைட்மனே இன்னொரு பகுதிக்கு ஆள். 1938-ல் புரூஸ் ரிச்சர்ட்சன் என்ற மாணவரோடு கென்டக்கியின் மாமத் குகைக்குள் இறங்கி முப்பத்திரண்டு நாள் இருந்தார். சூரியன் தெரியாத இடத்தில் ஒரு நாளை 28 மணி நேரமாக நீட்டி வாழ முடியுமா என்று பார்ப்பதுதான் நோக்கம். இளையவர் பழகிக்கொண்டார், பெரியவரின் உடம்பு கேட்கவில்லை. மனிதர்கள் சலித்தால் விலங்குகள் இருக்கின்றன. டால்பின் மூளையின் ஒரு பாதியைத் தூங்க வைத்து மறுபாதியை விழிக்க வைத்திருக்கும். மூச்சு விட நீரின் மேலே வரவேண்டும் என்ற தகவலைப் பகுதியில் கொடுத்துவிட்டு, முழு மூளையும் தூங்கினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். ஃபிரிகேட் என்ற கடற்பறவை பறந்துகொண்டே தூங்குகிறது என்று 2016-ல் கலபகோஸ் தீவுகளில் அளந்து பார்த்துச் சொன்னார்கள். பறக்கும்போது ஒரு நாளைக்குச் சராசரியாக முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு, தரைக்கு வந்துவிட்டால் பன்னிரண்டு மணிக்கும் மேல். நம் கும்பகர்ணனும் இருக்கிறான். அவனை எழுப்பப் பட்ட பாட்டை ஆங்கிலத்தில் படிக்க எந்தப் பிள்ளைக்குக் கசக்கும்?

வீட்டுத் தூக்கத்துக்கு நான் எழுதிப் பார்த்த ஒரு பகுதியைச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் ஐந்தே வாக்கியம், பொருள் இது: ‘மீனா பாயை விரித்தாள். பாட்டி சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். மீனா தலையணையை எடுத்துக் காதின்மேல் வைத்துக்கொண்டாள். பாட்டி திரும்பிப் பார்த்தாள். டிவி சத்தம் குறைந்தது.’ கஷ்டமான சொல் ஒன்றுமில்லை. மூன்றாம் வகுப்புக்கே போதும். கேள்வி இரண்டுதான். மீனா ஏன் தலையணையைக் காதின்மேல் வைத்தாள்? டிவி சத்தத்தைக் குறைத்தது யார், உனக்கு எப்படித் தெரியும்?

திண்ணையில் இதைக் கொடுத்தபோது ‘மார்னிங்’ பையன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

“கரண்ட் போயிருக்கும் டீச்சர்.”

“கரண்ட் போனா சத்தம் குறையுமா, நின்னுடுமா?”

“நின்னுடும்.”

“பேசேஜ்ல என்ன இருக்கு?”

விரல் ஓடியது. வழக்கம்போல வரியைக் காப்பி அடிக்க ஓடவில்லை, ஒரு சொல்லைச் சோதிக்க ஓடியது. ‘சாஃப்டர்’ என்ற சொல்லில் நின்றது. “கொஞ்சமாதான் ஆயிருக்கு. அப்ப யாரோ ரிமோட்டை அமுக்கியிருக்காங்க.”

“யாரு?”

“பாட்டிதான். அவங்கதானே திரும்பிப் பார்த்தாங்க.”

பக்கத்தில் இருந்த பெண் பிள்ளை ஒப்புக்கொள்ளவில்லை. “எங்க பாட்டியா இருந்தா குறைக்கவே மாட்டாங்க. மீனாவோட அம்மாதான் வந்து குறைச்சிருப்பாங்க.” பகுதியில் அம்மா இல்லையே என்று பையன் சண்டைக்குப் போனான். அவள் தாளைத் திருப்பித் திருப்பித் தேடினாள். கடைசியில், “சரி, இந்தப் பாட்டி நல்ல பாட்டி” என்று தீர்ப்புச் சொன்னாள். தனக்குத் தெரிந்த பாட்டியையும் தாளில் உள்ள பாட்டியையும் ஒப்பிட்டுப் பார்த்து, தாள் சொல்வதைத்தான் ஏற்க வேண்டும் என்ற முடிவுக்கு அவளாகவே வந்துவிட்டாள். பேச்செல்லாம் தமிழில்தான் நடந்தது, படித்தது ஆங்கிலத்தில். யோசிக்கிற வரை தமிழில் யோசிக்கட்டும்; விடையை ஆங்கிலத்தில் எழுத, ‘பிகாஸ்’ என்று தொடங்கும் ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் பாதி எழுதிக் கொடுத்தால் போதும்.

இப்படிக் கேட்டால் திருத்துவது கஷ்டம் என்பது எனக்குத் தெரியாததல்ல. நாற்பது நோட்டில் நாற்பது விதமான பதில் இருக்கும். ‘நைன் ஓ கிளாக்’ என்றால் கண்ணை ஓட்டியே டிக் போட்டுவிடலாம். எமிஸ் இணையதளப் பதிவு, ஆன்லைன் பயிற்சி, பதிவேடு என்று உங்கள் நாள் எப்படிப் போகிறது என்றும் தெரியும். அதனால் ஐந்தையும் மாற்றுங்கள் என்று சொல்ல வரவில்லை. மூன்று கேள்வி வரியில் விடை இருக்கிற மாதிரியே இருக்கட்டும். தடுமாறுகிற பிள்ளைக்கும் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். இரண்டு மட்டும் வரியில் விடை இல்லாததாக இருக்கட்டும். அந்த இரண்டுக்கும் விடைக்குறிப்பில் ஒரே பதிலை எழுதி வைக்காமல், ‘பகுதியிலிருந்து காரணம் காட்டினால் மதிப்பெண் தருக’ என்று போடுங்கள். கேள்வித்தாள் மேலிருந்து வருகிறது, கைவைக்க முடியாது என்கிற பள்ளிகளில், அதே ரவியை வைத்துக்கொண்டு வாய்மொழியாகக் கேட்கலாம். பால் கேள்வியில் தொடங்குங்கள்.

எத்தனை மணிக்குத் தூங்குவாய் என்பதை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், படுத்த பிறகு உன் காதில் என்னென்ன சத்தம் விழும் என்று கேட்கலாம். ரயில், கிரைண்டர், தெருநாய், பக்கத்து வீட்டுச் சண்டை, அப்பாவின் பைக். இதற்கு நல்ல பிள்ளை விடை, கெட்ட பிள்ளை விடை என்று இல்லை. ரவியைப் பார்த்து எழுதவும் வழியில்லை; அவன் வீட்டில் சத்தமே கேட்பதில்லை. ஆங்கிலச் சொல் தெரியவில்லை என்று பிள்ளையே வந்து கேட்கும். கிரைண்டருக்கு கிரைண்டர்தான் என்று சொல்லி அனுப்புங்கள்.

கடைசியாக வீட்டுப்பாடம். சென்ற வாரம் ஒரு தாயார் என்னிடம் காட்டிய நோட்டில், ரவி பகுதியையும் அதன் கேள்வி பதில்கள் ஐந்தையும் மூன்று முறை எழுதி வரச் சொல்லியிருந்தது. நாமும் ரவியைப் போலச் சீக்கிரம் தூங்க வேண்டும் என்ற வரியை அந்தப் பிள்ளை மூன்றாம் முறை எழுதி முடித்தபோது மணி பத்தே கால் ஆகிவிட்டதாம். தூக்கத்தைப் பற்றிய பகுதி நடத்துகிற அன்றைக்காவது எழுதி வரச் சொல்லாமல் விடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருத்தி